40 கிலோ பெட்டி 2 கிலோ ஆனது!

பாஸ் கிட்டார் வாசிப்பவர்களின் முதுகைக் காப்பாற்றிய ஆம்ப்ளிபயர். வாங்குவதற்கு முன்னால் என்ன பார்க்க வேண்டும்?

கலியாண மண்டபம். இரவு 10 மணி. மெல்லிசைக் கச்சேரி முடிந்துவிட்டது.

பாடகர் காரில் ஏறிப் போய்விட்டார். புல்லாங்குழல்காரர் குழலைப் பையில் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டார். பாஸ் கிட்டார் வாசித்த இளைஞர் மட்டும் மண்டப வாசலில் நிற்கிறார். தோளில் கிட்டார். காலடியில் ஒரு பெரிய பெட்டி.

ஆட்டோ ஒன்று வந்து நிற்கிறது. ஆட்டோக்காரர் பெட்டியைப் பார்க்கிறார். இளைஞரைப் பார்க்கிறார். தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுகிறார்.

அந்த இளைஞர் எங்கள் தெருக்காரர். கச்சேரியில் கிடைத்த பணத்தில் பாதி, பெட்டியை ஏற்றி இறக்குவதற்கே போய்விடும் என்பார். அவர் மட்டும் அல்ல. உலகம் முழுவதும் பாஸ் கிட்டார் வாசித்தவர்கள் பல ஆண்டு காலம் இப்படித்தான் சுமை தூக்கினார்கள்.

இன்று நிலைமை மாறிவிட்டது. ஒரு காலத்தில் இரண்டு பேர் தூக்கிய ஆம்ப்ளிபயர், இன்று பள்ளிக்கூடப் பையில் அடங்குகிறது!

ஆனால், எடை குறைந்துவிட்டது என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா? கூடாது. அப்படி வாங்கியவருக்கு என்ன ஆயிற்று என்பதையும் இந்தக் கட்டுரையில் சொல்கிறேன்.

பாஸ் கிட்டார் என்பது என்ன?

சாதாரண கிட்டாருக்கு 6 கம்பி. பாஸ் கிட்டாருக்குப் பெரும்பாலும் 4 கம்பி. கம்பிகள் தடிமனாக இருக்கும். "தும்... தும்..." என்று கனத்த ஓசை கொடுக்கும்.

பாட்டுக் கேட்கும்போது பாஸ் கிட்டாரைப் பலர் கவனிப்பது இல்லை. ஆனால் அதை நிறுத்திவிட்டால், பாட்டு எலும்பு இல்லாத உடம்பு மாதிரி ஆகிவிடும். 1976-ல் "அன்னக்கிளி" படத்தில் அறிமுகமான இளையராஜாவின் பாட்டுகளைக் கூர்ந்து கேளுங்கள். பல பாட்டுகளில் பாஸ் கிட்டார் அடியில் தனியாக ஒரு மெட்டே வாசித்துக்கொண்டு போகும்.

இந்த வாத்தியத்தை ஆம்ப்ளிபயர் இல்லாமல் வாசித்தால் பக்கத்தில் இருப்பவருக்குக்கூடச் சரியாகக் கேட்காது. கம்பியின் அசைவை மின்சாரமாக மாற்றி, அந்த மின்சாரத்தைப் பெருக்கி, ஸ்பீக்கருக்கு அனுப்ப வேண்டும்.

மின்சாரத்தைப் பெருக்கும் கருவிக்கு "ஹெட்" என்று பெயர். ஸ்பீக்கர் இருக்கும் பெட்டிக்கு "கேபினட்" என்று பெயர். இரண்டும் ஒரே பெட்டியில் இருந்தால் அது "காம்போ". நாம் பேசப்போவது ஹெட்டைப் பற்றி.

கனத்த ஓசைக்கு அதிக சக்தி

பாஸ் கிட்டாருக்கு ஏன் இவ்வளவு பெரிய ஆம்ப்ளிபயர்?

சாதாரண கிட்டாரின் கனமான கம்பி, ஒரு வினாடிக்கு சுமார் 82 தடவை அதிரும். பாஸ் கிட்டாரின் கனமான கம்பி சுமார் 41 தடவைதான் அதிரும். 5 கம்பி உள்ள பாஸ் கிட்டார் என்றால் இன்னும் கீழே, சுமார் 31 தடவை.

மனிதனுடைய காது, கீழ்ச் சத்தத்தை அவ்வளவு சுலபமாகக் கேட்காது. குழந்தையின் அழுகை நாலு வீடு தாண்டிக் கேட்கும். அதே அளவுக்குக் கனத்த ஓசை காதில் விழ வேண்டுமானால், காற்றைப் பலமாகத் தள்ள வேண்டும். அதற்கு நிறைய சக்தி வேண்டும்.

அதனால்தான், கிட்டார் வாசிப்பவர் 50 வாட்டில் சமாளிக்கும் மேடையில், பாஸ் வாசிப்பவருக்கு அதைப்போலப் பல மடங்கு வாட் தேவைப்படுகிறது.

ரேடியோ ரிப்பேர் கடையில் பிறந்தது

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் புல்லர்டன் என்று ஓர் ஊர். அங்கே லியோ பெண்டர் என்பவர் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். அவருக்குக் கிட்டார் வாசிக்கவே தெரியாது!

அந்தக் காலத்தில் கனத்த ஓசைக்கு "டபுள் பாஸ்" என்ற வாத்தியத்தை வாசித்தார்கள். பார்ப்பதற்கு ஆள் உயரப் பிடில் மாதிரி இருக்கும். காரில் ஏற்றுவது பெரும்பாடு. மற்ற வாத்தியங்களின் சத்தத்தில் அது காணாமல் போய்விடும்.

பெண்டர் 1951-ல் "பிரிசிஷன் பாஸ்" என்ற மின்சார பாஸ் கிட்டாரைக் கொண்டுவந்தார். அவருக்கு முன்பும் சிலர் முயன்றது உண்டு. ஆனால் உலகம் முழுவதும் பரவியது இதுதான். அதற்கென்றே 1952-ல் "பாஸ்மேன்" என்ற ஆம்ப்ளிபயரையும் அவருடைய கம்பெனி வெளியிட்டது.

அமெரிக்காவில் இன்னொருவரும் இதே வேலையில் இருந்தார். அவர் பெயர் எவரெட் ஹல். அவரே பாஸ் வாசிப்பவர். டபுள் பாஸ் வாத்தியம் தரையில் நிற்பதற்கு அடியில் ஒரு முளை இருக்கும். ஆங்கிலத்தில் அதற்குப் "பெக்" என்று பெயர். அந்த முளைக்குள் ஒரு சிறிய மைக்கை வைத்து, ஓசையைப் பெருக்கினார். ஆம்ப்ளிபயர், பெக் என்ற இரண்டு சொல்லையும் சேர்த்து "ஆம்பெக்" என்று பெயர் வைத்தார்கள். 1940-களில் தொடங்கிய அந்தப் பெயர் இன்றும் இருக்கிறது.

1960-ல் ஆம்பெக் கம்பெனியில் ஜெஸ் ஆலிவர் என்பவர் ஒரு யுக்தி செய்தார். கச்சேரி முடிந்ததும் ஹெட்டைத் தலைகீழாகத் திருப்பி, ஸ்பீக்கர் பெட்டிக்குள்ளேயே வைத்து மூடிவிடலாம்! "பி-15 போர்ட்டாபிளெக்ஸ்" என்பது அதன் பெயர். மோட்டவுன் இசைத்தட்டுக் கம்பெனியின் புகழ்பெற்ற பாஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் இந்த ஆம்ப்ளிபயரைப் பயன்படுத்தியவர்.

சுலபமாகத் தூக்கிச் செல்ல வேண்டும் என்ற ஆசை, அன்றே தொடங்கிவிட்டது.

பூதம் புறப்பட்டது

ஆனால் 1960-களின் கடைசியில் கச்சேரிகள் பெரிதாயின. விளையாட்டு அரங்குகளில் ஆயிரக்கணக்கானவர்கள் கூடினார்கள். சின்னப் பெட்டிகள் போதவில்லை.

1969-ல் ஆம்பெக் "எஸ்.வி.டி." என்ற பூதத்தைக் கொண்டுவந்தது. 300 வாட். உள்ளே 14 வால்வுகள். ஹெட் மட்டுமே ஏறத்தாழ 40 கிலோ! அதனுடன் 10 அங்குல ஸ்பீக்கர் எட்டு கொண்ட கேபினட். அது ஓர் அலமாரி அளவு இருக்கும்.

அந்த ஆண்டு "ரோலிங் ஸ்டோன்ஸ்" குழுவினர் அமெரிக்காவில் சுற்றுப்பயணம் செய்தார்கள். எஸ்.வி.டி. அவர்களோடு ஊர் ஊராகப் போனது. அதன் ஓசை எல்லோருக்கும் பிடித்துவிட்டது. இன்றும் அந்த ஓசைக்கு ஆசைப்படுகிறவர்கள் உண்டு.

ஓசை இனித்தது. முதுகு வலித்தது!

எடை எப்படிக் குறைந்தது?

பழைய ஆம்ப்ளிபயரில் கனமாக இருப்பவை இரண்டு. ஒன்று, இரும்பும் செம்பும் சேர்ந்த டிரான்ஸ்பார்மர். மற்றொன்று, டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபயர்களில் சூட்டை வெளியேற்றும் தடித்த அலுமினியத் தகடு. இந்த இரண்டையும் சிறிதாக்கினார்கள். எப்படி?

முதலில் சூடு. உங்கள் வீட்டு மின்விசிறியை எண்ணிப் பாருங்கள். பழைய காலத்து ரெகுலேட்டர் பெரிய பெட்டியாக இருக்கும். தொட்டால் சுடும். விசிறிக்குப் போகாத மின்சாரத்தில் ஒரு பங்கு அங்கே சூடாக வீணாயிற்று. இன்றைய ரெகுலேட்டர் ஒரு சுவிட்சு அளவுதான். சுடுவதே இல்லை. ஏன்? அது மின்சாரத்தைத் தடுத்து நிறுத்துவதில்லை. மிக வேகமாக விட்டு விட்டு அனுப்புகிறது.

புதிய ஆம்ப்ளிபயரும் அப்படித்தான். இதற்கு "கிளாஸ் டி" என்று பெயர். ஒரு வினாடிக்கு லட்சக்கணக்கான தடவை மின்சாரத்தை விட்டு விட்டு அனுப்புகிறது. பழைய முறையில் ஏறத்தாழ பாதி மின்சாரம் சூடாகப் போய்விடும். புதிய முறையில் 100-க்கு 90 பங்கு வரை ஸ்பீக்கருக்குப் போய்ச் சேரும். சூடு குறைந்தது. தகடும் சிறியதாயிற்று.

அடுத்தது டிரான்ஸ்பார்மர். கிணற்றிலிருந்து தொட்டிக்குத் தண்ணீர் கொண்டுபோக வேண்டும். மெதுவாக நடந்தால் பெரிய குடம் வேண்டும். ஓடி ஓடிப் பல நடை போனால் சின்னச் செம்பே போதும். அல்லவா? நம் வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 "நடை" வருகிறது. புதிய கருவி அதைப் பல்லாயிரம் நடையாக மாற்றிவிடுகிறது. ஆகவே, பெரிய இரும்பு டிரான்ஸ்பார்மருக்குப் பதில் தீப்பெட்டி போன்ற சிறிய டிரான்ஸ்பார்மர் போதும். இன்றைய செல்போன் சார்ஜர் கையடக்கமாக இருப்பதற்கும் இதுதான் காரணம்.

பலன் என்ன? ஓர் உதாரணம் பாருங்கள். நியூயார்க்கைச் சேர்ந்த அகிலர் கம்பெனியின் "டோன் ஹாமர் 500" என்ற ஹெட் 500 வாட் தருகிறது. எடை 2 கிலோவுக்கும் குறைவு! "டிரேஸ் எலியட்" கம்பெனியின் "எல்ப்" என்ற ஹெட் 200 வாட். எடை முக்கால் கிலோதான்!

கருகிய வாசனை

இனி எங்கள் தெரு இளைஞரின் கதைக்கு வருவோம்.

அவர் இரண்டு ஆண்டு பணம் சேர்த்தார். அம்மாவின் சீட்டுப் பணமும் கொஞ்சம் சேர்ந்தது. 500 வாட் ஹெட் ஒன்று வாங்கினார். எடை 2 கிலோ. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். வெளியூர்க் கச்சேரிக்குப் பஸ்ஸிலேயே போய் வந்தார்.

ஒரு கோயில் திருவிழா. பெரிய மைதானம். "சத்தம் பலமாக இருக்கட்டும்" என்று நண்பர்களிடம் இரவல் வாங்கி, மூன்று ஸ்பீக்கர் பெட்டிகளை ஒரே ஹெட்டில் மாட்டினார்.

அரை மணி நேரத்தில் ஹெட் தானாக நின்றது. அணைத்து மறுபடி போட்டார். வேலை செய்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் மறுபடியும் நின்றது. மீண்டும் போட்டார். மூன்றாவது தடவை கருகிய வாசனை வந்தது. அத்தோடு முடிந்தது.

மறுநாள் ரிப்பேர் கடைக்கு அவருடன் நானும் போனேன். கடைக்காரர் 30 ஆண்டாக ஆம்ப்ளிபயர் பழுது பார்ப்பவர். மூடியைத் திறந்து பார்த்தார்.

"எத்தனை பெட்டி மாட்டினே, தம்பி?"

"மூணுண்ணே."

"ஒவ்வொண்ணும் எத்தனை ஓம்?"

"ஓமா? அதெல்லாம் பார்க்கலையேண்ணே. 500 வாட்டுன்னு போட்டிருந்துச்சு. மூணு பெட்டி தாங்கும்னு நெனச்சேன்."

"ரெண்டு தடவை அதுவா நின்னுச்சே, ஏன்னு யோசிச்சியா? 'என்னால முடியல'ன்னு சொல்லியிருக்கு. நீ கேக்கல."

பழைய ஆம்ப்ளிபயராக இருந்தால், போன பாகத்தை மட்டும் மாற்றிவிடலாம். புதிய ஹெட்டில் எல்லாம் அரிசி அளவுப் பாகங்கள். ஒரு பலகையாகவே மாற்ற வேண்டும். அந்தப் பலகை வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். விலை, புது ஹெட்டின் விலையில் பாதிக்கு மேல்!

இளைஞர் ஒன்றும் பேசவில்லை. வீடு வரும்வரை பேசவில்லை.

ஓம் என்பது என்ன?

"ஓம்" என்பது ஸ்பீக்கர் மின்சாரத்துக்குக் கொடுக்கும் தடையின் அளவு. பெரும்பாலான பாஸ் கேபினட்டுகள் 8 ஓம் அல்லது 4 ஓம்.

தண்ணீர்த் தொட்டியில் ஒரு குழாய் வைத்தால் கொஞ்சம் தண்ணீர் போகும். இரண்டு குழாய் வைத்தால் இரு மடங்கு போகும். மூன்று வைத்தால்? அதைப்போலத்தான் கேபினட்டுகளும். எண்ணிக்கை கூடக்கூட மொத்தத் தடை குறையும். ஹெட் அதிக மின்சாரத்தை அள்ளிக் கொடுக்க வேண்டியதாகும்.

கணக்கு இதுதான்:

8 ஓம் பெட்டி ஒன்று: 8 ஓம்.
8 ஓம் பெட்டி இரண்டு: 4 ஓம்.
8 ஓம் பெட்டி மூன்று: 2.7 ஓமுக்கும் குறைவு.
4 ஓம் பெட்டி இரண்டு: 2 ஓம்.

கைக்கு அடக்கமான ஹெட்டுகளில் பல, 4 ஓமுக்குக் கீழே தாங்காது. சில மட்டும் 2 ஓம் வரை தாங்கும். எது எவ்வளவு தாங்கும் என்று ஹெட்டின் பின்புறத்தில் எழுதியிருக்கும். கடையில் முதலில் பார்க்க வேண்டியது அந்த எழுத்தைத்தான்!

இன்னொரு முக்கிய விஷயம். பெயரில் உள்ள 500 வாட், எப்போதும் கிடைக்காது. முன்பு சொன்ன டோன் ஹாமர் ஹெட் 4 ஓமில்தான் 500 வாட் தரும். 8 ஓம் பெட்டி ஒன்றை மட்டும் மாட்டினால் 250 வாட்தான். ஆகவே "எத்தனை வாட்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "எத்தனை ஓமில் எத்தனை வாட்?" என்று கேளுங்கள்.

வாட் மயக்கம்

"300 வாட்டைவிட 600 வாட் இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்குமா?"

கேட்காது! காதுக்குக் கொஞ்சம்தான் வித்தியாசம் தெரியும். சத்தம் இரண்டு மடங்காகத் தோன்ற வேண்டும் என்றால் சுமார் 10 மடங்கு வாட் வேண்டும்.

ஆனால் ஸ்பீக்கரை மாற்றினால் சுலபமாக வித்தியாசம் தெரியும். கேபினட் விவரத்தில் "97 டெசிபல்", "100 டெசிபல்" என்று போட்டிருப்பார்கள். ஒரே மின்சாரத்தில் எவ்வளவு சத்தம் தரும் என்பதன் அளவு அது. 97-க்குப் பதில் 100 உள்ள பெட்டியை வாங்கினால், ஹெட்டின் வாட்டை இரு மடங்கு ஆக்கியதற்குச் சமம்!

சிலர் கையிருப்பு முழுவதையும் ஹெட்டில் போட்டுவிட்டு, மட்டமான பெட்டியை வாங்குகிறார்கள். இது சரி அல்ல.

எடை விஷயத்திலும் பெட்டியை மறக்கக்கூடாது. ஹெட் 2 கிலோ. பெட்டி 40 கிலோ என்றால் என்ன பயன்? "நியோடைமியம்" என்ற காந்தம் வைத்த ஸ்பீக்கர்கள் எடை குறைந்தவை. 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று வைத்த பெட்டி, 11, 12 கிலோவில்கூடக் கிடைக்கிறது.

யாருக்கு எவ்வளவு?

வீட்டில் பழக மட்டும் என்றால் சில பத்து வாட் போதும். டிரம்ஸ் வாசிப்பவரோடு சேர்ந்து சிறிய மண்டபத்தில் வாசிப்பவருக்கு 300 முதல் 500 வாட் வரை இருந்தால் நல்லது.

பெரிய மைதானத்துக்கு? அங்கே ஹெட்டை நம்பிக் கூட்டத்துக்கு ஓசை கொடுக்க வேண்டியதே இல்லை. பெரும்பாலான ஹெட்டுகளின் பின்புறம் "டி.ஐ." என்று ஒரு துளை இருக்கும். மைக் வயர் மாட்டும் துளை போன்றது அது. அதிலிருந்து மைக்செட்காரரின் மிக்சருக்கு ஒரு வயர் கொடுத்துவிட்டால், மைதானம் முழுவதும் கேட்கும் பொறுப்பு அவருடையது. உங்கள் ஹெட், மேடையில் உங்களுக்குக் கேட்டால் போதும்.

எங்கள் தெரு இளைஞர் அன்று ஒரே ஒரு வயர் கேட்டு வாங்கியிருந்தால், மூன்று பெட்டி தேவையே இல்லை.

உயிருக்கு ஆபத்து

ஹெட் போனால் பணம்தான் நஷ்டம். இது அதைவிடப் பெரிய விஷயம்.

1972-ம் ஆண்டு மே மாதம். பிரிட்டனில் ஸ்வான்சி என்ற நகரம். "ஸ்டோன் த குரோஸ்" என்ற குழுவின் கச்சேரி. கிட்டார் வாசித்த லெஸ் ஹார்வி மேடையில் மைக்கைத் தொட்டார். மின்சாரம் பாய்ந்தது. இறந்துவிட்டார். அந்த மைக்குக்குச் சரியான "எர்த்" இணைப்பு இல்லை.

கிட்டாரின் கம்பி, வயர் வழியாக ஆம்ப்ளிபயரின் இரும்பு உடம்போடு சேர்ந்திருக்கிறது. கை கம்பியில் இருக்கிறது. வாய் மைக்கில் படுகிறது. இரண்டில் ஒன்றுக்கு எர்த் இல்லாமல், அதில் மின்சாரம் கசிந்தால், வாசிப்பவரின் உடம்பே வயராக மாறிவிடும்!

சிலர் "ஹம்" என்ற இரைச்சலை நிறுத்துவதற்காக எர்த் பின்னைப் பிடுங்கிவிடுகிறார்கள். வேறு சிலர், மூன்று பின் பிளக்கை இரண்டு துளைப் பலகையில் செருகுவதற்காக அதை ஒடித்துவிடுகிறார்கள். இப்படிச் செய்யவே கூடாது! இரைச்சல் வந்தால் டி.ஐ. துளைக்குப் பக்கத்தில் "கிரவுண்ட் லிப்ட்" என்று ஒரு பொத்தான் உள்ளதா என்று பாருங்கள். அது மிக்சருக்குப் போகும் வயரின் எர்த்தை மட்டும் பிரிக்கும். அதை அழுத்துவதில் ஆபத்து இல்லை.

கச்சேரி நடக்கும் இடத்தில், மின்கசிவு ஏற்பட்டதும் இணைப்பைத் துண்டிக்கும் "ஆர்.சி.சி.பி." இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

மாமா அமெரிக்காவில் இருக்கிறாரா?

வெளிநாட்டில் உள்ள சொந்தக்காரரிடம் சொல்லி ஹெட் வாங்கிவரச் சொல்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு வார்த்தை.

அமெரிக்காவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட். நம் நாட்டில் 230 வோல்ட். சில ஹெட்டுகள் 100 முதல் 240 வோல்ட் வரை எதையும் தாமாகவே ஏற்றுக்கொள்ளும். சிலவற்றில் பின்புறம் ஒரு சுவிட்சை மாற்ற வேண்டும். சில ஹெட்டுகள் 120 வோல்ட்டுக்கு மட்டுமே செய்யப்பட்டவை. அதை இங்கே நேராகச் செருகினால் அதே நிமிஷத்தில் பாழ்!

வாங்குமுன் பின்புற எழுத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பழுதானால் நம் நாட்டில் பார்க்க ஆள் உண்டா என்றும் விசாரியுங்கள். முன்பு சொன்னபடி, புதிய ஹெட்டுகளை எல்லோராலும் ரிப்பேர் செய்ய முடியாது.

கடையில் எப்படிச் சோதிப்பது?

உங்கள் சொந்த பாஸ் கிட்டாரையே கொண்டுபோங்கள். இரண்டு ஹெட்டுகளை ஒப்பிடும்போது, இரண்டையும் ஒரே கேபினட்டில் மாட்டிப் பாருங்கள். பெட்டி மாறினால் ஓசை மாறிவிடும். எது நல்லது என்று தெரியாமல் போகும்.

கனமான கம்பியைத் தட்டி, ஓசை அடங்கும்வரை விடுங்கள். பலமாக வைத்தபோது கரகரப்பு வருகிறதா என்று கவனியுங்கள். பிறகு வாசிப்பை நிறுத்திவிட்டு, உள்ளே சுற்றும் சிறிய விசிறியின் சத்தத்தைக் கேளுங்கள். சில விசிறிகள் தொல்லை கொடுக்கும்.

கடையில் தனியாக வாசிக்கும்போது, கீழ் ஓசையையும் மேல் ஓசையையும் கூட்டினால் இனிமையாக இருக்கும். ஏமாந்துவிடாதீர்கள். மேடையில் மேளமும் கீபோர்டும் சேரும்போது அந்த ஓசை அமுங்கிவிடும். பாஸ் தெளிவாகக் கேட்பதற்கு நடு ஓசைதான் உதவும். நடு ஓசையைக் கூட்டவும் குறைக்கவும் திருகு இருக்கிறதா என்று பாருங்கள்.

காதில் மாட்டும் ஹெட்போனுக்குத் துளை உண்டா? இருந்தால் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. பையன் நள்ளிரவில் பழகினாலும் தாத்தாவின் தூக்கம் கெடாது.

வாங்கிய பின்பு ஹெட்டுக்கும் கேபினட்டுக்கும் நடுவே கிட்டார் வயரை மாட்டாதீர்கள். அது மெல்லிய வயர். சூடாகிவிடும். ஸ்பீக்கருக்கென்று தடித்த வயர் உண்டு. காற்றுத் துளைகளைத் துணியால் மூடாதீர்கள். பழைய வால்வு ஹெட் வாங்கியவர்கள், ஸ்பீக்கரை மாட்டாமல் அதைப் போட்டு வாசிக்கவே கூடாது. உள்ளே இருக்கும் டிரான்ஸ்பார்மர் கெட்டுவிடும்.

ஐந்து கேள்விகள்

கடைக்குப் போகும்போது இந்த ஐந்து கேள்விகளையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்:

1. குறைந்தது எத்தனை ஓம் தாங்கும்?

2. என்னுடைய பெட்டியில் மாட்டினால் எத்தனை வாட் கிடைக்கும்?

3. 230 வோல்ட்டுக்கு ஏற்றதா? மூன்று பின் பிளக்கா?

4. மிக்சருக்கு வயர் கொடுக்க டி.ஐ. துளை உண்டா?

5. பழுதானால் எங்கே பார்ப்பார்கள்? எத்தனை நாள் ஆகும்?

ஐந்துக்கும் பதில் சொல்லாத கடையில் வாங்க வேண்டாம்.

எங்கள் தெரு இளைஞர் மறுபடியும் ஓர் ஆண்டு பணம் சேர்த்தார். இந்தத் தடவை 300 வாட் ஹெட்தான் வாங்கினார். மிச்சப் பணத்தில் எடை குறைந்த நல்ல கேபினட் ஒன்று. ஹெட்டின் மேல் ஒரு தாளை ஒட்டி, "4 ஓமுக்குக் கீழே கூடாது" என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்.

போன மாதம் ஒரு கலியாணக் கச்சேரி முடிந்து அவர் வெளியே வந்தார். தோளில் கிட்டார். முதுகில் பை. கையில் பெட்டி. ஆட்டோ ஒன்று வந்து நின்றது.

"ஏறுங்க தம்பி" என்றார் ஆட்டோக்காரர்.